வேலியை 5,242 கோடிக் கூறாக்கிய கணக்கு

எண்ணை முதலிலேயே எழுதிவிடுகிறேன்: 52,42,88,00,000. வாய்விட்டுப் படித்தால் ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே எண்பத்தெட்டு லட்சம்.

செய்தித்தாளில் இப்படி ஒரு தொகை வந்தால் ஏதோ பாலம், ஏதோ கடன் தள்ளுபடி என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். இது பணம் இல்லை, நிலம். கி.பி. ஆயிரமாவது ஆண்டை ஒட்டி, ராஜராஜ சோழன் ஆட்சியில் நிலத்தை அளந்து வரி விதித்தார்கள். வேலி என்பது இங்கே ஒரு நில அளவு. அப்படி ஒரு வேலியை 52,42,88,00,000 கூறாக்கி, அதில் ஒரு கூறு வரைக்கும் அந்தக் கணக்கு இறங்கியது என்று சோழர் வரலாறு எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். தஞ்சைப் பெரிய கோவிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளில், கோவிலுக்கு விட்ட ஊர்களின் நிலக்கணக்கு அப்படித்தான் பின்னத்துக்குள் பின்னமாகப் போய்க்கொண்டே இருக்கும்.

வியப்பது நியாயம்தான். எனக்கோ அந்தத் துல்லியத்தைவிட அந்த எண்ணின் மேல்தான் கண். முழுசாக 5,000 கோடி என்று இருந்திருக்கலாமே, ஏன் 5,242 கோடியே 88 லட்சம்? மேலாகப் பார்த்தால் வாய்க்கு வந்தபடி எழுதிய எண் மாதிரி தெரிகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் இத்தனை ஒழுங்கான எண் அபூர்வம். ஒரு பெரிய முழு எண்ணை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட நல்ல எண்ணை நான் எடுத்துத்தர மாட்டேன்.

எவ்வளவு பெரியது, எவ்வளவு சின்னது

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பத்திரத்தில் ஏக்கர், சென்ட். ஆனால் களத்துமேட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "இந்தத் தடவை எத்தனை மா நடுறீங்க?" என்றுதான் கேட்பார்கள். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. அடியில் போட்டால் ஒரு மா 14,400 சதுர அடி, அதாவது 33 சென்ட்டும் துளியும். வேலி 2,88,000 சதுர அடி, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல்.

இந்த இன்றைய வேலியை எடுத்து 52,42,88,00,000-ஆல் வகுத்தால் ஒரு கூறு ஏறக்குறைய அரை சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்லைத் தரையில் படுக்கவைத்தால் அதற்கு அடியிலேயே முப்பது கூறு போல அடங்கிவிடும். எறும்பு நடந்தால் வரப்பு அழிந்துபோகும் அளவு நிலம்.

இதைக் கோல் வைத்து யாராவது அளந்திருப்பார்களா? நிச்சயம் இல்லை. நான் புரிந்துகொண்டவரை, கோல் அளந்ததெல்லாம் கண்ணுக்குத் தெரியும் நீள அகலத்தைத்தான். அப்புறம் அந்த நீளத்தையும் அகலத்தையும் பின்னத்தோடு பெருக்கி, ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரி இல்லாத நிலத்தைக் கழித்திருக்கிறார்கள். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கினால் வால் நீளும். நாமாக இருந்தால் "ரெண்டு தசமம் போதும்" என்று வாலை வெட்டிவிடுவோம். அவர்கள் வாலை வெட்டாமல் கல்லில் வெட்டிவிட்டார்கள்.

எண்ணின் பெரிசையும் ஒருமுறை பார்த்துவிடலாம். நொடிக்கு ஒன்றாக, தூங்காமல் எண்ணினால் 52,42,88,00,000-ஐ முடிக்க 1,660 ஆண்டுக்கு மேல் ஆகும். பெரிய கோவிலைக் கட்டி முடித்த 1010-இல் ஒருவர் எண்ணத் தொடங்கியிருந்தால், இன்றைக்கு மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

ஆனால் இந்த மாதிரி ஒப்பீடுகள் எண் பெரியது என்பதை மட்டும்தான் சொல்லும். எண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இதற்குப் பக்கத்து எண்ணான 52,42,88,00,001-ஐ எண்ணி முடிக்க ஒரே ஒரு நொடிதான் கூடுதல். குணத்திலோ இரண்டும் வெவ்வேறு சாதி.

பிரித்துப் பார்த்தல்

முழு எண்களில் பகா எண் என்று ஒரு வகை உண்டு. 2, 3, 5, 7, 11 என்று போகும். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாதவை. ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம். எந்த வழியில் பிரித்தாலும் கடைசியில் கிடைக்கும் பகா எண்கள் அதே பகா எண்கள்தான், அதே எண்ணிக்கைதான். பெரிய எண் ஒன்று கையில் வந்தால் முதலில் செய்யவேண்டியது இந்தப் பிரிப்பு.

பொதுவாக இது லேசான வேலை இல்லை. நூற்றுக்கணக்கான இலக்கமுள்ள எண்ணைக் கண்டபடி எடுத்துப் பிரிக்கச் சொன்னால் கணினியே திணறும். நம் எண் அப்படி முரண்டு பிடிக்காது, ஒரு காகிதமும் பென்சிலும் போதும்.

பின்பக்கம் இருந்து தொடங்கலாம். ஐந்து பூஜ்ஜியங்கள். ஒவ்வொரு பூஜ்ஜியமும் ஒரு பத்து, ஒவ்வொரு பத்தும் ஒரு இரண்டும் ஒரு ஐந்தும். ஆக ஐந்து 2, ஐந்து 5 கிடைத்துவிட்டன. மிச்சம் இருப்பது 5,24,288. இரட்டை எண். பாதியாக்கினால் 2,62,144. அதுவும் இரட்டை. 1,31,072. அதுவும்தான். 65,536, 32,768, 16,384, 8,192, 4,096, 2,048, 1,024... இந்த இடத்தில் கணினி படித்தவர்கள் சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். 512, 256, 128, 64, 32, 16, 8, 4, 2, 1. பத்தொன்பது முறை பாதியாக்கி, ஒன்றில் வந்து நின்றோம். நடுவில் ஒரு தடவைகூட ஒற்றை எண் குறுக்கே வரவில்லை.

முன்பு கிடைத்த ஐந்து 2-ஐயும் சேர்த்தால் இருபத்து நான்கு 2, ஐந்து 5. அவ்வளவுதான்.

52,42,88,00,000 = 2²⁴ × 5⁵

வலப்பக்கம் மேலே இருக்கும் சின்ன எண், அடுக்கு. எத்தனை தடவை பெருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. பதினோரு இலக்க எண்ணின் வண்டவாளம் மொத்தமும் இந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. இனிமேல் கேட்கப்போகும் எந்தக் கேள்விக்கும் இந்த வரிதான் பதில் சொல்லும்.

அது சரி, ஏன் 2-உம் 5-உம் மட்டும்? அதற்குப் பழைய பின்ன வாய்ப்பாட்டைத்தான் கேட்க வேண்டும். அரை, கால், அரைக்கால், வீசம்: இவை முறையே ½, ¼, ⅛, 1/16. எல்லாம் பாதி, பாதியில் பாதி. இன்னொரு பக்கம் மா என்பது 1/20, காணி 1/80, அரைக்காணி 1/160, முந்திரி 1/320. (நிலத்து மா என்ற பெயரும் இதுதான், வேலியில் இருபதில் ஒன்று.) இருபதுக்குள் ஒரு 5 இருக்கிறது. அதற்கு மேல் எல்லாம் இரட்டிப்புதான். 320-ஐப் பிரித்தால் 2⁶ × 5.

முந்திரிக்கும் கீழே போக வேண்டுமென்றால் புதுப்பெயர் தேட மாட்டார்கள். "கீழ்" என்று ஒரு சொல்லை முன்னால் வைப்பார்கள். கீழ் என்றால் அதில் 320-இல் ஒன்று. கீழ்முந்திரி 1/320-இல் 1/320, அதாவது 1,02,400-இல் ஒன்று. படிக்கட்டு மாதிரி ஒவ்வொரு கீழுக்கும் 320 மடங்கு இறங்கும். நான்கு படி இறங்கினால் 320⁴, அதாவது 10,48,57,60,000. அதை ஐந்தால் பெருக்கிப் பாருங்கள். 52,42,88,00,000. ஐந்தில் ஒன்றுக்கு அந்த வாய்ப்பாட்டில் நாலுமா என்று பெயர். ஆக நம் கூறு, நான்கு கீழ் இறங்கி நாலுமா எடுத்த அளவு. பாதியாலும் ஐந்தாலும் மட்டுமே கட்டிய படிக்கட்டில் எவ்வளவு தூரம் இறங்கினாலும் காலில் மிதிபடுவது 2-உம் 5-உம்தான். எண் பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்ததற்குக் காரணம், நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், அவர்கள் 320, 320-ஆக இறங்கினார்கள், அவ்வளவே.

மூன்று பேர் பாகம் பிரித்தால்

இந்த எண்ணுக்குள் 3 இல்லை. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். டெல்டாவில் அண்ணன் தம்பி மூன்று பேர் இருக்கும் வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் தாத்தாவுக்கு ஒரு வேலி, பிள்ளைகள் மூன்று பேர். இருபது மாவை மூன்றாகப் போட்டால் ஆளுக்கு ஆறு மா. மிச்சம் இரண்டு மா, அதாவது இருநூறு குழி. அதில் ஆளுக்கு அறுபத்தாறு. மிச்சம் இரண்டு குழி. பெரியப்பா வாய்க்கணக்கில் கெட்டிக்காரர், அந்த இடத்தில் நின்றுவிட்டார். "ரெண்டு குழிய மூணாப் போட்டா என்னடா வரும்? அரையும் இல்ல, முக்காலும் இல்ல. நீயே வெச்சுக்கடா தம்பி" என்று என் அப்பாவிடம் சொன்னாராம். அந்த இரண்டு குழியில்தான் பின்னால் எங்கள் போர் செட் வந்தது.

நாடாவைப் பிடித்து அடியில் அளந்திருந்தால் பிரச்சினையே இல்லை. 2,88,000-ஐ மூன்றால் வகுத்தால் சரியாக 96,000 சதுர அடி. காரணம், ஒரு குழியே 12-க்கு 12. பன்னிரண்டுக்குள் ஒரு 3 ஒளிந்திருக்கிறது. அடிக்கணக்குக்கு 3 தெரியும், மா காணிக் கணக்குக்குத் தெரியாது.

சரி, விடாப்பிடியாக மூன்றில் ஒன்றைக் கீழ் கீழாக எழுதியே தீருவேன் என்று ஒருவர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மூன்றில் ஒரு பங்கு என்பது 106 முந்திரியும், இன்னும் மூன்றில் இரண்டு முந்திரியும். அந்த மூன்றில் இரண்டை ஒரு படி கீழே இறக்கினால் 213 கீழ்முந்திரியும், மூன்றில் ஒன்றும். அந்த மூன்றில் ஒன்றை மறுபடி இறக்கினால் 106. அடுத்து 213. அப்புறம் 106. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், கல் தீர்ந்துபோகும், கணக்கு தீராது. நாம் பள்ளிக்கூடத்தில் மூன்றில் ஒன்றை 0.333... என்று எழுதி மேலே புள்ளி வைத்தோமே, அதே கதை. 10-க்குள்ளும் 3 இல்லை, 320-க்குள்ளும் 3 இல்லை.

எண்ணில் 3 இருக்கிறதா என்று பிரிக்காமலேயே பார்க்கக் குறுக்குவழியும் உண்டு. இலக்கங்களைக் கூட்டுங்கள். 5+2+4+2+8+8 = 29. அதையும் கூட்டினால் 11, மறுபடி 2. மூன்றால் வகுத்தால் மீதி 2. அப்படியென்றால் ஒன்று கூட்டிய 52,42,88,00,001 மூன்றால் வகுபட வேண்டும். வகுபடுகிறது: 17,47,62,66,667 மூன்று தடவை. பக்கத்து வீடுதான், ஆனால் அங்கே 3 குடியிருக்கிறது, 2-உம் 5-உம் இல்லை.

ஈ எதுக்கு மாமா நடுவுல உக்காந்திருக்கு?

என் அக்கா மகன் எட்டாம் வகுப்பு. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒன்றை இந்த எண்ணால் வகுத்துப் பார்த்தான். திரையில் 1.9073486328125, அதற்குப் பிறகு ஆங்கில ஈ, ஒரு கழித்தல் குறி, 11. "ஈ எதுக்கு மாமா நடுவுல உக்காந்திருக்கு?" என்றான்.

அந்த ஈக்கு அர்த்தம், புள்ளியை இடப்பக்கம் பதினோரு இடம் நகர்த்து என்பது. நகர்த்தி எழுதினால்:

0.000000000019073486328125

புள்ளிக்குப் பிறகு இலக்கங்களை எண்ணச் சொன்னேன். விரல் வைத்து எண்ணினான். இருபத்து நான்கு. மேலே போய் அந்த ஒற்றை வரியைப் பாருங்கள்: 2-இன் அடுக்கு 24. தற்செயல் இல்லை. ஒரு பின்னத்தின் அடியில் 2-உம் 5-உம் மட்டும் இருந்தால், அடியையும் மேலையும் தேவையான எண்ணால் பெருக்கி அடியைப் பத்தின் அடுக்காக மாற்றிவிடலாம். இங்கே ஐந்து 5-தான் இருக்கிறது, 2-க்கு ஈடாக இன்னும் பத்தொன்பது 5 வேண்டும். மேலேயும் கீழேயும் 5¹⁹-ஆல் பெருக்கினால் அடி 10²⁴ ஆகிவிடும். மேலே 5¹⁹, அதாவது 19073486328125. திரையில் தெரிந்த இலக்கங்கள் அவைதான்! இரண்டு அடுக்குகளில் எது பெரியதோ அத்தனை தசம இடத்தில் எண் முடிந்துவிடும்.

எல்லாப் பழைய பின்னங்களும் இப்படிச் சமர்த்தாக முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். "இம்மியும் பிசகக் கூடாது" என்கிறோமே, அந்த இம்மியும் ஒரு பின்னம்தான். பரவலாகச் சொல்லப்படும் ஒரு வாய்ப்பாட்டில் இருபத்தோரு இம்மி ஒரு கீழ்முந்திரி. 21 என்பது 3 × 7. அந்த வாய்ப்பாட்டின் இம்மியைத் தசமத்தில் எழுதினால் முடியவே முடியாது. இம்மி பிசகாமல் இம்மியைத் தசமத்தில் எழுத முடியாது என்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

நடவு வரிசையில் வகுத்திகள்

நம் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் எத்தனை? 1, 2, 4, 5, 8, 10 என்று எழுதிக்கொண்டே போனால் பொழுது போய்விடும், நடுவில் ஒன்றிரண்டு விட்டும் போகும். அதற்குப் பதில் இப்படி யோசிக்கலாம். வகுக்கும் எண்ணுக்குள்ளும் 2-உம் 5-உம் தவிர வேறு எதுவும் இருக்க முடியாது. அதில் 2 எத்தனை இருக்கலாம்? ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், ஒன்று இருக்கலாம், இப்படி இருபத்து நான்கு வரை. மொத்தம் 25 வாய்ப்பு. 5 எத்தனை? பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து வரை, 6 வாய்ப்பு.

கயிறு பிடித்து வரிசை நடவு நட்ட வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் 25 வரிசை, குறுக்கே 6 வரிசை. கயிறுகள் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நாற்று, ஒவ்வொரு நாற்றும் ஒரு வகுத்தி. 25 × 6 = 150. ஒரு மூலையில் 1, எதிர் மூலையில் முழு எண்ணான 52,42,88,00,000. எந்த எண்ணுக்கும் இதுதான் வழி: ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்று கூட்டி, எல்லாவற்றையும் பெருக்கு.

நூற்றைம்பது வகுத்தி என்பது நிறைய மாதிரி தோன்றும். கும்பகோணத்துக்காரர் ஒருவர் கேட்டால் உதட்டைப் பிதுக்கியிருப்பார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது அந்த ஆய்வுக்காகத்தான். அதில் அவர் தேடிப்போனது, தன்னைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் கொண்ட எண்களை. 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று தொடங்கும் வரிசை அது. ஒரு மணிக்கு 60 நிமிடம் வைத்ததன் சௌகரியம் புரிகிறதா?

அந்த வரிசையில் 1,66,320 வரும். வெறும் ஒரு லட்சத்துச் சொச்சம். அதை 2⁴ × 3³ × 5 × 7 × 11 என்று பிரிக்கலாம். வகுத்திகள் 5 × 4 × 2 × 2 × 2 = 160. ஐயாயிரம் கோடியைத் தாண்டிய நம் எண்ணை ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் முந்திவிட்டது. ராமானுஜன் காட்டிய விதிகளில் ஒன்று: இப்படிப்பட்ட எண்ணில் பகா எண்கள் 2-இலிருந்து இடைவெளி இல்லாமல் வரிசையாக வரவேண்டும், அடுக்குகள் போகப்போக ஏறக்கூடாது. நம் எண் இரண்டாம் படியிலேயே 3-ஐத் தாண்டிக் குதித்துவிட்டது. இருபத்து நான்கு 2-ஐ மூட்டையாகக் கட்டிவைத்திருப்பதைவிட, அதில் சிலவற்றைக் கொடுத்து ஒரு 3-உம் ஒரு 7-உம் வாங்கியிருந்தால் வகுத்திகள் பெருகியிருக்கும்.

வகுத்திகளைப் பற்றி இன்னொன்று, சுருக்கமாக. தன்னைத் தவிர மற்ற 149 வகுத்திகளையும் கூட்டினால் 78,63,48,07,486 வருகிறது, எண்ணைவிடப் பெரிது. இப்படிப்பட்டதை மிகை எண் என்பார்கள். கூட்டினால் சரியாகத் தானே வருவது நிறைவு எண். 6 அப்படி: 1+2+3.

சதுர வயல்

ஒரு வேலி சதுரமாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு, அதை இத்தனை கூறாகச் சதுரக் கட்டம் போட்டுப் பிரிக்க முடியுமா? நீளவாக்கிலும் அகலவாக்கிலும் ஒரே எண்ணிக்கையில் கோடு போட வேண்டும். அதற்கு எண் முழு வர்க்கமாக, அதாவது ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கிக் கிடைத்ததாக இருக்க வேண்டும். அடுக்குகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். எல்லா அடுக்கும் இரட்டையாக இருந்தால் முழு வர்க்கம். 24 இரட்டை, சரி. 5 ஒற்றை, போச்சு.

ஒரே ஒரு 5 அதிகம். அதை எடுத்துவிட்டால் மிச்சம் 1,02,400-இன் வர்க்கம். அல்லது இன்னொரு 5 சேர்த்தால் 5,12,000-இன் வர்க்கம். இரண்டும் இல்லாமல் உள்ளபடியே பிரிக்க வேண்டுமென்றால், சதுரத்துக்கு மிக நெருக்கமாக வருவது ஒரு பக்கம் 2,04,800, மறுபக்கம் 2,56,000. கூறுகள் கொஞ்சம் நீளவாக்கில் இருக்கும். அரை சதுர மில்லிமீட்டர் நிலத்துக்கு அது ஒரு குறையா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

கொள்முதல் நிலையத்தில்

கடைசியாக மருமகன் கேட்ட கேள்வி: "இத்தனை நெல்லு இருந்தா எவ்ளோ இருக்கும் மாமா?"

ரகத்துக்கு ரகம் எடை மாறும். பேச்சுக்கு ஒரு கிலோவுக்கு 50,000 நெல் என்று வைத்துக்கொண்டோம். 52,42,88,00,000-ஐ 50,000-ஆல் வகுத்தால் 10,48,576 கிலோ. ஆயிரம் டன்னுக்கு மேல். பத்து டன் லாரி என்றால் நூற்று ஐந்து லாரி. காகிதத்தில் அந்த எண்ணைப் பார்த்ததும் அவனுக்கே சந்தேகம் வந்து, பாதி பாதியாக்க ஆரம்பித்தான். 5,24,288 வந்ததும் "இது ஏற்கெனவே வந்துச்சே!" என்றான். ஆமாம். 10,48,576 என்பது 2²⁰. 50,000-ஐப் பிரித்தால் 2⁴ × 5⁵. வகுத்தபோது இருந்த ஐந்து 5-ஐயும் அது விழுங்கிவிட்டது. நான்கு 2-உம் போனது. எஞ்சியது இருபது 2 மட்டும்.

கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ சிப்பமாகத்தான் பிடிப்பார்கள். "அப்ப எத்தனை சிப்பம்னு வகுக்காமச் சொல்லு, மீதி வருமா வராதா?" என்றேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தான்.

"நாப்பதுக்குள்ள ஒரு அஞ்சு இருக்கு. இதுல அஞ்சே இல்ல. மீதி வரும் மாமா."

வகுத்துப் பார்த்தோம். 26,214 சிப்பம், மீதி 16 கிலோ. எட்டு லட்சம் நெல். "அத நாம வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்துடலாம்" என்றான்.